ஐந்தெழுத்து

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு வயதில் நான் ஆடிய ஓர் ஆட்டத்தை பிரவுசரில் ஓடவிட்டுப் பார்த்தேன். பழைய கேம் ஒன்றைத் திரும்ப ஆடினேன் என்று சொல்லவில்லை. 2001-ல், மன்னார்குடியில், சித்தப்பாவின் அச்சகத்தில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் ஆடிய அதே ஆட்டம். அதே ஓட்டம், அதே திரும்பல், அதே துப்பாக்கிச் சூடு. மொத்தம் 3 நிமிடம் 50 விநாடி. ஒரே ஒரு வித்தியாசம். 2001-ல் நான் ஜெயித்தேன். பிரவுசரில் ஒன்றேகால் நிமிடத்தில் செத்துப்போனேன்.

கேம், டூம். டெக்சஸில் மெஸ்கீட் என்ற ஊரிலிருந்த ஐடி சாஃப்ட்வேர் என்கிற சின்ன கம்பெனி 1993 டிசம்பர் 10 அன்று வெளியிட்டது. திரையில் உங்கள் துப்பாக்கி தெரியும், நீங்கள் தெரியமாட்டீர்கள். கீழே ஒரு பட்டையில் தோட்டா, உடல்நலம், கவசம், கையிலிருக்கும் சாவிகள், நடுவில் அடிபட அடிபட ரத்தம் வழியும் ஒரு முகம். இடம், செவ்வாய்க் கிரகத்தின் நிலவான போபோஸ். மூன்று பாகங்களில் முதல் பாகம், 9 மேப்புகள், இலவசம். நகலெடுத்து யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அப்படிக் கைமாறிக் கைமாறித்தான் எங்கள் ஊருக்கும் வந்தது, ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியில். மற்ற இரண்டு பாகங்கள் இருப்பதே எங்களுக்குப் பல வருடம் தெரியாது. கையேடும் கிடையாது. அந்தப் போர்வீரன் ஏன் செவ்வாய்க்கு வந்தான் என்று கையேட்டில் இருக்கிறதாம்: பொதுமக்களைச் சுடச் சொன்ன மேலதிகாரியை அடித்துவிட்டான், அதற்குத் தண்டனையாக இடமாற்றம். இதைக் கல்லூரிக்குப் போன பிறகுதான் படித்தேன். அதுவரை நான் அவனை ஒரு காரணமும் இல்லாத ஆளாகவே ஆடிக்கொண்டிருந்தேன்.

1997 டிசம்பரில் ஜான் கார்மக் டூமின் சோர்ஸ் கோடை வெளியிட்டார். 1999-ல் அது ஜிபிஎல் உரிமத்துக்கு வந்தது. அதிலிருந்து திரை வைத்த எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதில் டூமை ஓட்டிப் பார்ப்பது எங்கள் தொழிலில் ஒரு சடங்கு. பிரிண்டரின் சின்னத் திரையில்கூட ஓட்டியிருக்கிறார்கள். பிரவுசர் அதோடு ஒப்பிட்டால் சுலபம். சாக்லேட் டூம் என்று ஒரு வடிவம் இருக்கிறது. பழைய டாஸ் டூம் எப்படி ஓடியதோ அப்படியே, அதன் பிழைகளோடு சேர்த்து, ஓடவேண்டும் என்பதுதான் அதன் பிடிவாதம். அதன் சி நிரலை எடுத்து, எம்ஸ்கிரிப்டன் வழியாக வெப்அசெம்பிளியாக மாற்றினால் பிரவுசரில் ஓடும். ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். டூமின் இதயம் முடிவே இல்லாத ஒரு லூப். டாஸில் மொத்த கம்ப்யூட்டரும் அதன் கையில் இருந்ததால் அது யாருக்காகவும் நிற்கவேண்டியதில்லை. பிரவுசரில் அப்படிச் சுற்றினால் டேப் உறைந்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் நின்று, கட்டுப்பாட்டை பிரவுசருக்குத் திருப்பிக் கொடுத்து, அது கூப்பிடும்போது மறுபடி ஓடக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை அதற்குப் போயிற்று.

இதெல்லாம் பொழுதுபோகாமல் செய்ததில்லை. சித்தப்பா தன் பழைய சிடிக்களிலிருந்து ஏதோ கோவில் மலரின் பேஜ்மேக்கர் ஃபைலை எடுத்துத் தரச் சொல்லியிருந்தார். நான்கு சிடிக்களில் ஒன்றுதான் படித்தது. அதில் கோவில் மலர் இல்லை. கல்யாணப் பத்திரிகைகள், காதணி விழா, நினைவஞ்சலி, கடைசியில் கேம்ஸ் என்று ஒரு ஃபோல்டர். உள்ளே சுமார் 4 எம்பிக்கு டூம். பக்கத்தில் 'ஜெயம்' என்று ஒரு ஃபைல், எல்எம்பி என்ற வாலோடு. 32,214 பைட்.

அது என்ன ஃபைல் என்று சொல்லாமல் மேலே போகமுடியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அது வீடியோ இல்லை. டூமில் ஆட்டத்தைப் பதிவு செய்யலாம், அதற்கு டெமோ என்று பெயர். ஆனால் டெமோவில் ஒரு படம்கூடக் கிடையாது. டூமில் நேரம் விநாடிக்கு 35 துண்டுகளாக நகரும், ஒரு துண்டுக்கு டிக் என்று பெயர். ஒவ்வொரு டிக்குக்கும் 4 பைட்: முன்னால் பின்னால் எவ்வளவு நகர்ந்தாய், பக்கவாட்டில் எவ்வளவு, எவ்வளவு திரும்பினாய், என்ன பட்டனை அழுத்தினாய். அவ்வளவுதான். முகப்பில் 13 பைட்: எந்த வெர்ஷன், எவ்வளவு கஷ்டம், எந்தப் பாகம், எந்த மேப். கடைசியில் முற்றுப்புள்ளி போல ஒரு பைட். சுவர், பேய், தோட்டா, ரத்தம் எதுவும் ஃபைலில் இல்லை. திரும்ப ஓட்டும்போது கேம் நிஜமாகவே மறுபடி ஒருமுறை நடக்கிறது. உங்கள் விரல்களுக்குப் பதில் ஃபைல்.

பேய்கள் எப்படி அதே மாதிரி நடந்துகொள்ளும்? டூமில் அதிர்ஷ்டம் என்பது 256 எண்கள் கொண்ட ஓர் அட்டவணை. குறி தப்புமா, அடி எவ்வளவு, பேய் எந்தப் பக்கம் திரும்பும், எல்லாம் அந்த வரிசையிலிருந்து அடுத்த எண்ணை எடுத்துத் தீர்மானிக்கப்படும். ஆட்டம் தொடங்கும்போது வரிசை முதலுக்கு வந்துவிடும். கணக்கெல்லாம் முழு எண்களில். அதனால் பென்டியத்தில் வந்த விடைதான் பிரவுசரிலும் வரும். அதே விரல்கள், அதே அட்டவணை, அதனால் அதே உலகம். ஆனால் எங்காவது ஒரே ஒரு எண் கூடுதலாகவோ குறைவாகவோ எடுக்கப்பட்டால் போச்சு. அங்கிருந்து எல்லாருக்கும் அடுத்தவனுடைய எண் கிடைக்கும். செத்திருக்கவேண்டிய பேய் உயிரோடு இருக்கும், வழியில் நிற்கும், நீங்கள் அதன்மேல் மோதி நிற்பீர்கள். ஃபைலுக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு ஓடு, திரும்பு, சுடு என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

சித்தப்பாவின் அச்சகத்தில் பின்னால் ட்ரெடில் மெஷின், முன்னால் கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு கம்ப்யூட்டர். மெஷின்மேனை நாங்கள் மெஷின் மாமா என்று கூப்பிடுவோம். அவர் பையன் என் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் இருவரும் நேராக அச்சகத்துக்குத்தான் வருவோம், நான் சித்தப்பாவைப் பார்க்க, அவன் அப்பாவைப் பார்க்க. அப்படித்தான் சொல்லிக்கொள்வோம். டிடிபி அண்ணன் வேலை முடித்து எழுந்தால் டூம். அவன் என்னைவிட நன்றாக ஆடுவான். இதைச் சொல்ல எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. தோட்டாவை வீணாக்கமாட்டான். பேயைப் பேயிடம் மோதவிடுவான். டூமில் ஒரு பேயின் அடி இன்னொரு பேய்மேல் பட்டால் இரண்டும் சண்டை போட்டுக்கொள்ளும், இவன் ஓரமாக நின்று பார்ப்பான்.

டிடிபி அண்ணன் ஒரு போட்டி வைத்தார். எட்டாவது மேப்பை, நேராக அதிலேயே தொடங்கி, வெறும் பிஸ்டலோடு, யார் முதலில் முடித்து டெமோவாகக் காட்டுகிறாரோ அவருக்கு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கக் கம்ப்யூட்டர். கூடவே கோரல்ட்ரா சொல்லித்தருவார். எட்டாவது மேப்பில்தான் முதல் பாகத்தின் முடிவு. இரண்டு பெரிய பேய்கள், ஒவ்வொன்றுக்கும் 1000 உயிர்ப்புள்ளி. அவற்றைக் கொன்றால் சுவர்கள் இறங்கும், வெளியே ஒரு டெலிபோர்ட்டர். அதில் ஏறினால் ஓர் இருட்டு அறை. அந்த அறையில் நீங்கள் சாகவேண்டும், அதுதான் முடிவு. தரையே உங்களைக் கொல்லும். கடவுள் நிலை சீட் கோட் போட்டு வந்திருந்தாலும் அந்தத் தரை முதலில் அதைப் பிடுங்கிவிடும், பிறகு 20, 20-ஆகக் கழிக்கும், உயிர் பத்துக்கோ அதற்குக் கீழோ போனதும் பாகம் முடியும். இது நிரலில் இருக்கிறது, நானே படித்தேன். இலவசமாகக் கொடுத்த கேமை இப்படி முடித்திருக்கிறார்களே என்று இப்போது ரசிக்கிறேன். அப்போது, செத்தால் ஜெயித்த மாதிரியா என்று இருவரும் ஒரு வாரம் சண்டை போட்டோம்.

நான் ஜெயிக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் சீட் கோட். எல்லாருக்கும் தெரிந்தது ஐடிடிக்யூடி, கடவுள் நிலை. ஆனால் டெமோ பதிவாகும்போது க்யூ எழுத்தைத் தொட்டால் பதிவு நின்று கேம் டாஸுக்கு வந்துவிடும். க்யூதான் பதிவை நிறுத்தும் பட்டன். நான் இரண்டு முறை இதில் விழுந்தேன், ஏதோ தப்பாக அடிக்கிறோம் என்று நினைத்தேன். மிச்சம் இருந்தது ஐடிகேஎஃப்ஏ. இதில் க்யூ இல்லை. எல்லாத் துப்பாக்கியும், நிறைந்த தோட்டா, 200 கவசம், எல்லாச் சாவியும். எங்கள் பாட்டிக்கு ஐந்தெழுத்து என்றால் நமசிவாய. எனக்கு இது.

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அவன் பக்கத்து ஸ்டூலில். உள்ளேயிருந்து மெஷின் மாமா அவனைக் கூப்பிட்டார், பேப்பர் அடுக்க. அவன் எழுந்து போனான். நான் அம்புக்குறிகளிலிருந்து கையை எடுத்து ஐந்து எழுத்தை அடித்தேன். 5-ஐ அழுத்தி ராக்கெட் லாஞ்சரை எடுத்தேன். அவன் திரும்பி வந்தபோது நான் முதல் பெரிய பேயைக் கொன்றுகொண்டிருந்தேன். என் நாற்காலிக்குப் பின்னால் நின்று கடைசிவரை பார்த்தான். இருட்டு அறையில் நான் செத்ததும், "முடிச்சிட்டடா" என்றான். அது மட்டும்தான் சொன்னான்.

மறுநாள் காலை டிடிபி அண்ணன், சித்தப்பா, மெஷின் மாமா, பைண்டிங்கில் இருந்த இரண்டு பேர் எல்லாரும் பார்க்க டெமோ ஓடியது. முதல் முக்கால் நிமிடம் சரியாக இருந்தது. பிறகு திரையில் இருந்த நான் சும்மா நின்றேன். பிறகு பைத்தியம் பிடித்தது. பிஸ்டலோடு பேய்களுக்கு நடுவில் ஓடினேன், ஒன்றின்மேல் மோதி நின்று வேறு பக்கம் சுட்டேன், செத்தேன். செத்தவன் எழுந்தான். நான் பதட்டத்தில் ஸ்பேஸ் பாரை அடித்துக்கொண்டே ஆடியிருக்கிறேன். டூமில் செத்த பிறகு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மேப் முதலிலிருந்து தொடங்கும். எழுந்து, சுவரைப் பார்த்து நின்று, மீதி இரண்டரை நிமிடமும் சுவரோடு ஓடினேன். எல்லாரும் சிரித்தார்கள்.

டிடிபி அண்ணன் கேட்டார், "சீட் எதாச்சும் போட்டியாடா?"

"சத்தியமா இல்லண்ணே."

அடுத்த வாக்கியமும் நான்தான் சொன்னேன். "இவன்தான் நேத்து ராத்திரி ஒக்காந்து ஃபைல நோண்டியிருக்கான்." முகூர்த்த மாதம். முந்தைய இரவு மெஷின் மாமா பத்திரிகை வேலையாக இருந்தார், அவனும் கூட இருந்தான், நான் வீட்டுக்குப் போய்விட்டேன். கம்ப்யூட்டர் பக்கத்தில் தனியாக இருந்தவன் அவன்தான். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை, மெஷின் மாமாவைப் பார்த்தார். மெஷின் மாமா அவனை அறைந்தார். கையில் மை இருந்தது.

அதற்குப் பிறகு அவன் கண்ணாடித் தடுப்புக்குள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கோரல்ட்ரா கற்றேன்.

இப்போது நான் கேட்க நினைக்கும் கேள்வி இது: நான் அன்று பொய் சொன்னேனா? சீட் போடவில்லை என்று சொன்னது பொய், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவன்தான் நோண்டினான் என்றது? அதை நான் நம்பினேன். கற்பூரம் அணைத்துச் சொல்லச் சொன்னால் சொல்லியிருப்பேன். சீட் கோட் அடித்தால் டெமோ குழம்பும் என்று எனக்குத் தெரியாது. அந்த ஐந்து எழுத்து 4 பைட்டுக்குள் வராது, கேமின் பார்வையில் அது ஆட்டமே இல்லை, வெளியிலிருந்து நடந்த ஒன்று. ஆகவே திரும்ப ஓட்டும்போது ராக்கெட் லாஞ்சர் இருக்காது, '5' என்ற கட்டளை கேட்பாரில்லாமல் விழும், பிஸ்டல்தான் சுடும் என்பதெல்லாம் ஒரு பன்னிரண்டு வயசுப் பையனுக்கு எப்படித் தெரியும்? நான் ஜெயித்ததை என் கண்ணால் பார்த்தேன். ஃபைல் வேறு சொன்னது. நடுவில் ஓர் இரவு, ஓர் ஆள். எவனும் அந்த முடிவுக்குத்தான் வருவான்.

இப்படி வாதாடிப் பார்த்தபோது நினைவுக்கு வந்தது டபிள்யூ. கே. கிளிஃபோர்டின் கட்டுரை. ஆங்கிலேயக் கணித அறிஞர், 1877-ல் நம்பிக்கையின் அறம் பற்றி எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருவார். பழைய கப்பல், புலம்பெயரும் குடும்பங்களை ஏற்றி அனுப்பவேண்டும். கப்பல் தாங்குமா என்று சந்தேகம் வருகிறது. எத்தனை புயலைப் பார்த்த கப்பல், இதையும் பார்க்கும் என்று தன்னையே சமாதானப்படுத்தி, மெல்ல மெல்ல, நிஜமாகவே நம்பிவிடுகிறார். கப்பல் மூழ்குகிறது, அவருக்குக் காப்பீட்டுப் பணம் வருகிறது. அவர் மனதார நம்பினார் என்பது அவருக்கு உதவாது என்கிறார் கிளிஃபோர்ட், ஏனென்றால் அந்த ஆதாரத்தை வைத்துக்கொண்டு அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை. கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் குற்றம் அதேதான். எனக்குப் பிடித்தது இந்தக் கடைசிப் பகுதி. என் நண்பன் அன்றிரவு நிஜமாகவே ஃபைலை நோண்டியிருந்தால்கூட என் வாக்கியம் அதே வாக்கியம்தான்.

ஆனால் என் கேஸ் முதலாளியுடையது போல அவ்வளவு சுத்தமாக இல்லை. அவர் கப்பலைப் பழுது பார்க்க ஆளை அழைத்திருக்கலாம். நான் யாரை அழைப்பது? யோசித்துப் பார்த்தால், அழைக்கவே தேவையில்லை, ஆள் எதிரிலேயே நின்றார். டிடிபி அண்ணன் கேட்டாரே. "ஆமாண்ணே" என்று சொல்லியிருந்தால் அவர் இரண்டு முறை ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பார், கெட்டிக்காரர். என்னிடம் இல்லாத அறிவு அவரிடம் இருந்தது, அவரிடம் இல்லாத தகவல் என்னிடம். நான் தகவலை மறைத்துக்கொண்டு, அறிவு இல்லாததைச் சாக்காக வைத்துக்கொண்டேன். முதல் பொய் இருந்த இடத்தில் இரண்டாவது நம்பிக்கை முளைத்தது, முளைத்ததும் உண்மைபோலவே இருந்தது. ஆபீஸில் புரொடக்‌ஷனில் ஏதாவது விழுந்தால் நடக்கும் மீட்டிங்குகளில் இதையே பார்க்கிறேன். யாரோ ஒரு சின்னதைச் சொல்லாமல் விடுவார், மற்ற பதினைந்து பேரும் மனசாட்சியோடு தப்பான ஆளைக் கண்டுபிடிப்பார்கள்.

இந்த அளவுக்கு யோசித்து, ஒரு மாதிரி திருப்தியாகக்கூட இருந்தது. குற்றத்தைச் சரியான அளவில் அளந்துவிட்டேன் என்ற திருப்தி. பிறகுதான் பைட்டுகளைப் பார்த்தேன்.

ஃபைலை எண்களாக விரித்துப் படித்தேன். 109, 2, 1, 8: வெர்ஷன் 1.9, நடுத்தரக் கஷ்டம், முதல் பாகம், எட்டாவது மேப். பிறகு என் விரல்கள், நான்கு நான்காக. 1,512-வது டிக்கிலிருந்து 1,581 வரை எல்லாம் பூஜ்யம். 70 டிக், 2 விநாடி, 280 பைட். நகரவில்லை, திரும்பவில்லை, சுடவில்லை. அடுத்து வந்த முதல் கட்டளை: 5-வது ஆயுதத்துக்கு மாறு. என் திருட்டை ஃபைல் பதியவில்லைதான். அதற்கு ஆன நேரத்தைப் பதிந்து வைத்திருந்தது. ஐந்து எழுத்தின் அளவுக்கு ஒரு பள்ளம்.

நிரலில் நான்கு வரி சேர்த்தேன். 1,580-வது டிக் வந்தால், கேட்காமலே அந்த சீட்டைக் கொடு. ஓடவிட்டேன். எல்லாம் பூட்டுக்குள் சாவி போவது போல உட்கார்ந்தது. ராக்கெட் பறந்தது, பேய் விழுந்தது, இன்னொன்று விழுந்தது, சுவர் இறங்கியது. பன்னிரண்டு வயசு நான், தப்பாமல் ஆடினேன். இருபத்துச் சொச்சம் வருடம் கழித்து அன்றைய சாயங்காலம் அப்படியே, நான் அன்று பார்த்தது அப்படியே.

அன்று நான் பார்க்காததும் இருந்தது. அன்று என் கண் துப்பாக்கியின் நுனியில் இருந்தது. இப்போது வேடிக்கை பார்ப்பவனாக, சாய்ந்து உட்கார்ந்து, மொத்தத் திரையையும் பார்த்தேன். கீழ்ப் பட்டையில், 1,580-வது டிக்கில், ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று மண்டையோடுகள் வந்து உட்கார்ந்தன. நீலம், மஞ்சள், சிவப்பு. சாவிகள். ஐடிகேஎஃப்ஏ எல்லாச் சாவியையும் கொடுத்துவிடும். முதல் பாகத்தில் சாவி என்றால் வெறும் அட்டைதான், மண்டையோட்டுச் சாவி அதில் வராது. எட்டாவது மேப்பில் எந்தச் சாவியுமே கிடையாது. கவசம் 200 என்று வேறு நின்றது. அவன் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, இப்போது நான் பார்ப்பது போல, மொத்தத் திரையையும் பார்த்துக்கொண்டிருந்தான். அட்டவணைகளில் ஓர் எண் தப்பினால் கண்டுபிடிக்கிற பையன்.

நம்பர் பள்ளி வாட்ஸப் குரூப்பில் இருந்தது. திருப்பூரில் ஒரு பனியன் பிரிண்டிங் யூனிட்டில் சூப்பர்வைசராக இருக்கிறான். கல்யாணம், குழந்தை, மழை எல்லாம் பேசிவிட்டு, டூம் ஞாபகம் இருக்கா என்று கேட்டேன். சிரித்தான். சீட் போட்டதைச் சொன்னேன்.

"தெரியுமே," என்றான். "மூணு கலர்ல மண்ட ஓடு இருந்துச்சே கீழ. அந்த மேப்ல சாவியே கெடையாது."

"அப்பவே தெரியுமா?"

"பின்னாடிதான நின்னேன்."

"ஏன்டா சொல்லல?"

இதைக் கேட்டது நான்தான். கேட்டவுடனேயே என்ன கேட்கிறோம் என்று தெரிந்தது. அவன் கோபப்படவில்லை. "என்னத்தச் சொல்றது. ஒங்க சித்தப்பா கடைலதான எங்கப்பா வேல பாத்தாரு" என்றான். பிறகு, "மண்ட ஓடு இருந்துச்சுன்னு சொன்னா, அது எப்புடி இவனுக்குத் தெரியும், இவன்தான் உள்ள பூந்து பாத்துருக்கான்னு ஆவும்" என்றான். பன்னிரண்டு வயதில் அவன் அவ்வளவு தூரம் கணக்குப் போட்டிருக்கிறான். நான் ஒரு படிகூடப் போடவில்லை, போடவேண்டிய தேவை எனக்கு இல்லை.

மிராண்டா ஃபிரிக்கர் 2007-ல் எழுதிய புத்தகத்தில் இதற்குக் கிட்டத்தட்ட ஒரு பெயர் இருக்கிறது: பேசுகிறவர் யார் என்பதைப் பார்த்து அவர் பேச்சுக்கு மதிப்பைக் குறைப்பது, அறிவுசார் அநீதியில் ஒரு வகை. பெயர் கிடைத்ததும் எனக்கு ஆறுதலாக இருந்தது, அந்த ஆறுதல்மேல் எனக்குச் சந்தேகமும் வந்தது. கிளிஃபோர்டின் கட்டுரைக்கே திரும்பப் போய்ப் பார்த்தேன். கப்பல் தாங்காது என்ற சந்தேகம் முதலாளிக்கு எடுத்துச் சொல்லப்பட்டதாக ஒரு வரி வருகிறது. யார் சொன்னார் என்று இல்லை. தச்சனா, மாலுமியா, கூலியா? சொன்னவர் அடுத்த நாள் வேலைக்கு வந்தாரா? கட்டுரை முழுக்க முதலாளியின் நெஞ்சுக்குள்ளேயே நடக்கிறது. நான் இதுவரை எழுதியதும் அப்படித்தான். என் பொய்யா, என் நம்பிக்கையா, எனக்கு உரிமை இருந்ததா. 70 டிக் பள்ளத்தைக் கண்டுபிடித்த எனக்கு, என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு சாட்சி நின்றது இருபத்துச் சொச்சம் வருடம் தோன்றவே இல்லை. மேலதிகாரியை அடித்துவிட்டுச் செவ்வாய்க்குப் போன வீரனாக எத்தனை நூறு மணி நேரம் ஆடியிருப்பேன்! அடிக்கமுடிந்தவனுக்குத்தான் அந்தக் கதை.

மன்னிப்புக் கேட்டேன். "அட விடுறா" என்றான். லிங்க் அனுப்பச் சொன்னான், அவன் பையனுக்கு. அனுப்புகிறேன் என்றேன். வைக்கப்போகும்போது, கொஞ்சம் தயங்கி, "ஒண்ணு பண்ணேன். எங்கப்பாட்ட சொல்றியா? அவருக்கு இன்னும் நாந்தான் நோண்டுனேன்னு நெனப்பு. எப்பயாச்சும் பேச்சு வந்தா சொல்லுவாரு" என்றான். நம்பர் அனுப்பினான்.

மெஷின் மாமா இப்போது வேலைக்குப் போவதில்லை. போனில் என் பெயரைச் சொன்னதும், "சொல்லுங்க தம்பி, சித்தப்பா சௌக்கியமா?" என்றார். டெமோ என்றால் என்ன என்று சொல்லத் தொடங்கி, நிறுத்தி, வேறு மாதிரி சொல்லத் தொடங்கினேன். அவர் நடுவில் புகுந்தார்.

"இவன் கம்ப்யூட்டர்ல கை வச்சானே, அதா?"

"அவன் கை வைக்கல மாமா. நாந்தான் தப்பு பண்ணேன். பண்ணிட்டு அவன் மேல போட்டுட்டேன்."

பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதன் சத்தத்தைக் குறைத்தார்கள்.

"இது சித்தப்பாவுக்குத் தெரியுமா தம்பி?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.